ஆயா பெயரா, தாத்தா பெயரா: பாரிசில் பிறக்கப்போகும் பேத்திக்கு

போன மாதம் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "மாமா, பொண்ணாம். ஜூலை கடைசின்னு சொல்றாங்க. பேரு பிரெஞ்சுப் பேரா இருக்கணும், ஆனா கூப்பிட்டா நம்ம வீட்டு ஆளு யாராவது திரும்பிப் பாக்கணும்."

அவள் இருப்பது பாரிசை ஒட்டிய ஒரு புறநகரில். கணவன் பிரெத்தாஞ் பக்கத்துப் பையன், பிரான்சின் மேற்குக் கோடியில் வான் என்ற ஊர். (ஊர்ப் பெயரைச் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் அவனுக்குப் பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டது.) புதுச்சேரியில் இருக்கும் என்னிடம் ஏன் கேட்கிறாள் என்றால், குடும்பத்தின் பழைய ஞானஸ்நானச் சீட்டுகள், கல்யாணச் சீட்டுகள் எல்லாம் என் பீரோவில்தான் கிடக்கின்றன.

எடுத்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். சீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று. ஆயா சீட்டில் மரி மத்லேன், தெருவில் மதலேனம்மா. தாத்தா சீட்டில் ஜோசெஃப், தெருவில் சூசை. ஆயாவின் தங்கை அமலோற்பவம், எல்லோருக்கும் அமலி. தமிழ்ப் பெயரே சீட்டில் ஏறிய இடங்களில் எழுத்துக்கூட்டு பிரெஞ்சு. முத்து என்ற மூன்று எழுத்துக்கு எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என்று ஏழு எழுத்து போட்டிருக்கிறார் எழுத்தர். பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று இருந்தது. தாத்தா எழுதிக் கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் பிரெஞ்சுப் பெயர் என்பது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் கிடையாது. வீட்டுக்குள் இருப்பதில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் அக்காவின் ஆசையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டை வரும். அக்கா 1950களில் பிறந்தவள், பெயர் மர்த்தீன். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பதுதானே நம் வழக்கம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் போனில் ஒரு நொடி மௌனமாகிறாள். மர்த்தீன் அழகான பெயர்தான். ஆனால் பிரான்சில் அதைக் கேட்டவுடன் ஓய்வூதியம் வாங்கும் ஒரு அம்மாதான் மனதில் வருவார். அந்த நாட்டில் பெயர்களுக்கு வயது உண்டு. இன்சே என்ற புள்ளிவிவர நிறுவனம் 1900 முதல் எந்த ஆண்டில் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நத்தாலி, சில்வி என்றால் 1960கள். ஸ்தெஃபானி, செலீன் என்றால் 1970கள். ஒரேலி, எலோதி என்றால் 1980கள். பெயரைச் சொன்னால் பிறந்த ஆண்டை ஐந்து, பத்து வித்தியாசத்தில் சொல்லிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டி பெயர் பழசாகத் தெரியும் அதே நேரத்தில் கொள்ளுப்பாட்டி பெயர் புதுசாகத் தெரிகிறது. லூயிஸ், ஜான், ரோஸ் எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய பெண்களின் பெயர்கள், நடுவில் யாரும் சீண்டாமல் கிடந்தவை. இப்போது பாலர் பள்ளி வாசலில் அவற்றைத்தான் கூப்பிடுகிறார்கள். லூயிஸ் கொஞ்ச வருடங்களாகப் பட்டியலின் உச்சியை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெயரைச் சுமந்தவர்கள் எல்லாம் முதுமையைக் கடந்து மறைந்த பிறகுதான் அது மறுபடி குழந்தைப் பெயராகிறது போல. ஆகவே மர்த்தீனுக்கு இன்னும் நாற்பது வருடம் ஆகும். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன்: மாமியார் பெயரை வைத்தால் மருமகன் குழந்தையைப் பெயர் சொல்லித் திட்ட முடியாது. அவள் சிரித்துவிட்டாள். நம் ஊரில் பெரியவர் பெயர் வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் பாப்பா, குட்டி என்று இன்னொரு பெயர் முளைப்பது இதனால்தானே.

ஆக, ஆயா பெயர். மத்லேன். கைகளை விரித்துக்கொண்டு வரவேற்கிற பெயர் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வீட்டுக்கு வீடு இருந்தது, பிறகு தேய்ந்து போனது, இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் எவரும் எழுத்துக்கூட்டு கேட்கமாட்டார்கள். தமிழ் வாயிலும் இடறாது, நூறு வருடமாகப் பழகிய பெயர். போதாததற்கு, தமிழில் மதலை என்றால் குழந்தை. வேர்ச்சொல்லுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, மத்லேன் என்பது மகதலா ஊர்க்காரி என்பதிலிருந்து வந்தது. இருந்தாலும் காதுக்கு அது தெரியவா போகிறது?

குறை இல்லாமல் இல்லை. மத்லேன் என்பது ஒரு கேக். லொரேன் பகுதியில் கொமெர்சி என்ற ஊர் அதற்குப் பேர்போனது. சிப்பி வடிவில் குட்டியாக, பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டிப் பெட்டியில் தினமும் இருக்கும். பள்ளியில் கிண்டல் நிச்சயம். தேம்பித் தேம்பி அழுகிறவர்களை "மத்லேன் மாதிரி அழுகிறாள்" என்று சொல்லும் வழக்கும் பிரெஞ்சில் உண்டு. எங்கள் ஆயா அழுது நான் பார்த்ததில்லை. மீன்காரியோடு பேரம் பேசும்போது மீன்காரிதான் அழுவாள்.

அடுத்தது தாத்தா வழி. பெண் குழந்தைக்குத் தாத்தா பெயரா என்று கேட்கலாம். பிரெஞ்சில் இது எளிது, பல ஆண் பெயர்களுக்குப் பெண் வடிவம் உண்டு. கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு தனிப் புதையலே இருக்கிறது. பழைய மிஷனரிகள் புனிதர் பெயர்களைத் தமிழாக்கி வைத்தார்களே, அவற்றைத் திருப்பிப் போட்டால் போதும். சூசை என்றால் ஜோசெஃப், எனவே ஜொசெஃபீன். அருளப்பன் என்றால் யோவான், எனவே ஜான், பிரெஞ்சில் அது பெண் பெயர். ராயப்பன் என்றால் பியேர், எனவே பெரீன். யாகப்பன் என்றால் ஜாக், எனவே ஜாக்லீன். சவரி என்றால் சவியே, எனவே சவியேர். சின்னப்பன்தான் எனக்குப் பிடித்தது. பவுல் என்பதற்கு லத்தீனில் சின்னவர் என்று பொருள், அதைத்தான் அப்படியே சின்னப்பர் ஆக்கினார்கள். பெண்ணுக்கு என்றால் போலின், அதாவது சின்னவள். சின்னப்பன் என்று ஒரு தாத்தா உள்ள வீட்டில் பேத்திக்கு போலின் என்று வைத்தால், ஒலியும் மாறி, மொழியும் மாறி, பொருள் மட்டும் அப்படியே நிற்கும்.

எங்கள் வீட்டில் சின்னப்பன் இல்லை, சூசைதான். ஜொசெஃபீன் என்ற பெயருக்கு இப்போது நல்ல காலம். பாடகியும் நடனக்காரியுமான ஜொசெஃபீன் பேக்கரை 2021 நவம்பர் 30 அன்று, நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிசின் பாந்தியோனில் சேர்த்த பிறகு அந்தப் பெயரில் ஒரு கம்பீரமும் ஏறியிருக்கிறது. இன்னொரு நியாயமும் உண்டு. மருமகனின் தாத்தாவும் ஜோசெஃப்தானாம். பிரெத்தாஞ்சில் அது தெருவுக்குத் தெரு உள்ள பெயர். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே பெயர் கிடைப்பது லேசில் நடக்காது. நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் ஜொசெஃபீன்தான் என்று சொல்லவேண்டியிருக்கும்.

ஆனால் தாத்தாவை யாரும் ஜோசெஃப் என்று கூப்பிட்டதில்லை. ஜொசெஃபீன் என்று சொன்னால் சூசை திரும்பிப் பார்ப்பாரா? எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது வழி, பொருளை மொழிபெயர்ப்பது. அக்கா மகள் இதில்தான் முதலில் ஆர்வமாக இருந்தாள். ஞானம்மாள் என்றால் சோஃபி, கிரேக்கத்தில் ஞானம். பொன்னம்மா என்றால் ஒரேலி, லத்தீனில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முத்தம்மா என்றால் மார்கரீத், முத்து என்பதற்கான கிரேக்கச் சொல். வெற்றிச்செல்வி என்றால் விக்துவார். கிறிஸ்தவக் குடும்பம்தான் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் இந்த விளையாட்டை ஆடலாம், ஒரு மாலை முழுக்கப் பொழுது போகும். கௌரவிக்கிற வழி என்று பார்த்தால் எனக்கு இதுதான் பலவீனமாகப் படுகிறது. சோஃபி என்று கூப்பிடும்போது ஞானம்மாள் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு முறையும் உட்காரவைத்து விளக்கவேண்டும். இரண்டு தலைமுறை கழித்து விளக்க ஆள் இருக்காது. அதுவே ஞானம்மாளுக்கு வேறு பேத்திகளே இல்லை, அவர் பெயரை அப்படியே பிரான்சில் வைக்கவும் மனமில்லை என்றால், சரி, இதுவாவது.

ஒலியைப் பிடிப்பது இதற்கு நேர் எதிர். அமலியை எடுத்துக்கொள்ளுங்கள். அமலோற்பவம் என்பது மாசின்றி உற்பவித்த மாதாவின் பெயர். புதுச்சேரி சம்பா கோயிலே அந்த மாதாவுக்கானதுதான், அதனால் எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு அமலோற்பவங்கள் இருப்பார்கள். பிரெஞ்சில் பொருளைப் பார்த்துப் பெயர் தேடினால் இம்மாகுலே என்று வரும், பாரிஸ் பள்ளியில் அந்தக் குழந்தை என்ன பாடுபடும் என்று யோசிக்கவே பயம். ஆனால் வாய் கூப்பிடுவது அமலி. பக்கத்திலேயே நிற்கிறது அமேலி. அதன் வேர் பழைய ஜெர்மானியச் சொல், உழைப்பு, ஊக்கம் என்கிற மாதிரிப் பொருள். மாசின்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தும் சமையலறையிலிருந்து "அமலீ" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் எழுந்து வருவார்கள். அவள் கேட்ட அளவுகோல் அதுதானே.

புனிதர் திருநாள் பார்த்து வைப்பது பழைய வழி. பிரான்சில் தபால்காரர் வருடக் கடைசியில் கொண்டுவரும் நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். வில்லியனூர் லூர்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த லூர்துமேரிகள் உள்ள வீட்டில் பெர்னதெத் என்று வைக்கலாம், 1858-ல் லூர்தில் காட்சி கண்ட பெண்ணின் பெயர் அது. ஆனால் அதுவும் மர்த்தீன் வரிசையில்தான், இன்னும் திரும்பி வரவில்லை. எங்கள் விஷயத்தில் ஜூலைக் கடைசி என்பதால் 22ஆம் தேதி மத்லேன், 26ஆம் தேதி அன்னம்மாள், அதாவது ஆன். இந்த ஆன் சாதாரணப் பெயர் கிடையாது. பிரெத்தாஞ்சுக்கே பாதுகாவலி அவர்தான். வான் ஊருக்குப் பக்கத்தில் செந்த் ஆன் தொரே என்ற இடத்தில் ஜூலை 26 அன்று பெரிய யாத்திரை நடக்கும். பிரெத்தாஞ்சை ஆண்ட கோமகள் ஆன், இரண்டு பிரெஞ்சு அரசர்களை அடுத்தடுத்து மணந்து இரண்டு முறை ராணி ஆனவர், அவர் பெயரும் இதுதான். சம்பந்தி வீட்டாருக்கு இதைவிட இனிப்பான பெயர் இருக்காது. நம் பக்கம் அன்னம்மாள்களுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வாயில் வைத்துப் பார்க்கவேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பட்டியலை எடுத்துக்கொண்டு அமலி ஆயா வீட்டுக்குப் போனேன். கண் மங்கிவிட்டது, குரல் மட்டும் குறையவில்லை. வாசல் படியில் உட்காரவைத்து, "பேத்தி தெருமுனைல நிக்கிறா, கூப்பிடுங்க" என்றேன்.

மத்லேன், ஒரே மூச்சில் "மதலேன்" என்று தெரு முழுக்கக் கேட்டது. அமேலிக்கு ஒரு நொடி யோசித்து, "என் பேரை நானே கூப்பிடணுமா?" என்று சிரித்தார். ஜொசெஃபீன் "சோசப்பினு" ஆனது, இரண்டாம் முறை "சோசு" என்று சுருங்கியது. போலின் கேட்டு, "போலியா? யாரு போலி?" என்றார். அத்தோடு சின்னப்பன் வீட்டாருக்கான என் பரிந்துரையிலும் ஒரு கீறல் விழுந்தது. விக்துவாரை முயற்சிக்கவே மறுத்துவிட்டார். ஜான் என்றதும், "பையன்னா சொன்னே?" அந்தப் பெயரில் இருக்கும் சிக்கலே இதுதான். புதுச்சேரி கப்ஸ் கோயிலுக்கு எதிரே ஜான் தார்க்கின் (ஆங்கிலத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்) வெள்ளைச் சிலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கே, தமிழ்ப் பேச்சின் நடுவில் ஜான் என்று வந்தால் பொண்டாட்டி பிள்ளையோடு ஒரு ஆம்பிளைதான் நினைவுக்கு வருகிறான். பிரெஞ்சு ஒலிக்காகச் சிலர் ழான் என்று எழுதுவார்கள். எழுதலாம், கூப்பிட முடியுமா?

இதே கணக்கில் லுசி போய்விடும், லூசு என்று கூப்பிட நம் பிள்ளைகளுக்கு அரை நாள் போதும். ஆன்தான் பழசு, அன்னா என்று வைக்கலாமே என்று மருமகன் கேட்டானாம். அவனுக்கு அது இப்போதைய நாகரிகப் பெயர். விடுமுறைக்குப் புதுச்சேரி வந்து இறங்கும் பெண் குழந்தையை ஊரே அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அக்கா மகள் அவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்றாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பயம் பலருக்கும் இருக்கிறது, பாதி பழைய கதை. 1803-ல் வந்த சட்டப்படி நாள்காட்டியில் உள்ள பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் மட்டுமே பதியமுடிந்தது. அதை வைத்துக்கொண்டு பிரெத்தாஞ்சில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழிப் பெயரை வைக்கவிடாமல் ஆண்டுக்கணக்கில் அலையவிட்டார்கள். 1993-க்குப் பிறகு பெற்றோர் விருப்பம்தான். குழந்தைக்குக் கெடுதல் என்று பதிவு அலுவலர் நினைத்தால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், நீதிமன்றம் தீர்மானிக்கும். 2014-ல் வட பிரான்சில் ஒரு பெற்றோர் நியூட்டெல்லா என்று வைத்து, நீதிமன்றம் அதை எலா என்று திருத்திய கதை எல்லோருக்கும் தெரியும். நம் பட்டியலில் எதற்கும் அந்தத் தொல்லை வராது. கவனிக்கவேண்டியது நாள்தான். பிறந்த நாளைச் சேர்க்காமல் ஐந்து நாளுக்குள் மேரியில் பதியவேண்டும். (மாதா கிடையாது, நகராட்சி அலுவலகம். புதுச்சேரிக் கடற்கரையில் 2014-ல் இடிந்து விழுந்து மறுபடி கட்டிய மேரி கட்டடத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான்.) அந்த ஐந்து நாளில் தூக்கமில்லாத தாயிடம் போய்ப் பெயர் பேசக்கூடாது, முன்கூட்டியே முடித்துவிடவேண்டும்.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு சங்கதி உண்டு. குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை வரிசையாகப் பதியலாம், வழக்கமாக இரண்டாவது, மூன்றாவது இடங்கள் பாட்டிமார்களுக்கு. வளர்ந்தபின் அந்த வரிசையில் உள்ள எந்தப் பெயரையும் தன் புழங்கு பெயராக அவளே வைத்துக்கொள்ளலாம். எனவே இரண்டாம் இடம் என்பது பரணில் போட்டுவைக்கிற இடமாக ஆகவேண்டிய அவசியமில்லை. மர்த்தீனை அங்கே வைக்கலாம். அக்காவின் மௌனமும் தீரும்.

குடும்பப் பெயரையும் மறக்கக்கூடாது. அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டையும் சேர்த்து, எது வேண்டுமானாலும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்பப் பெயரே ஒரு முன்னோரின் கையெழுத்து மாதிரி. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்கத்தை ஒட்டிய தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு வந்தவர்கள், தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் என்று எடுத்துக்கொண்டார், பிரெஞ்சில் கதவு. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் தன் ஞானஸ்நானப் பெயரையே கொடுத்துவிட்டு வந்தார், அந்துவான். அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பெயருக்குப் பின்னாலும் இன்னொரு ஆள் பெயர் வந்து நிற்கும். ஜொசெஃபீன் அந்துவான் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு பேர் வாசலில் நிற்பது போல இருக்கும். மத்லேன் அந்துவான் அவ்வளவு மோசமில்லை. அம்மா பெயரும் சேர்ந்து தொடரும் என்றால் குடும்பப் பாரத்தை அதுவே பாதி சுமந்துவிடும், முதல் பெயரைக் கொஞ்சம் சுதந்திரமாக எடுக்கலாம்.

என் ஓட்டை அக்கா மகளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். முதலில் மத்லேன், இரண்டாவது ஆன், மூன்றாவது மர்த்தீன். பிறந்த தேதி 26 என்று ஆகிவிட்டால் முதல் இரண்டை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சேர்த்திருந்தேன். அவள் மனம் அமேலி பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. அமலி ஆயா படியில் உட்கார்ந்து கூப்பிட்டதை நான் போனில் பதிந்து அனுப்பினேன், அதை அவள் நாலைந்து முறை கேட்டிருக்கிறாள். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கலாமா என்று கேட்டாள். சீட்டில் அவர் அமலோற்பவம்தானே, அமேலி வேறு பெயர்தானே என்றேன். ஒரு வக்கீல் பதில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி வந்த பதில் இது: "மாமா, மூணாவது எடத்த இப்போதைக்குக் காலியா வைங்க. அவங்க அம்மா வான்ல ஒரு பட்டியல் போட்டுக்கிட்டு இருக்காங்களாம். அதுல பதினேழு பேரு."